வீட்டில் ஒரு டிரேடிங் மேஜை – 9: ஒரே சாலையில் போன இரண்டு கேபிள்

சென்ற வாரம் பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும் என்று பார்த்தோம். 16 ஜிபி நினைவகம், ஒரு எஸ்எஸ்டி, நடுத்தர பிராசசர்; அதற்கு மேல் கொட்டும் பணம் வீண். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்த அளவு நினைவூட்டல் போதும். இந்த வாரம் எத்தனை திரை வேண்டும் என்ற கேள்வியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ, 2021-இல் தான் முடங்கியதற்குக் கொடுத்த விளக்கத்தைப் படித்த பிறகு, திரைகளைப் பற்றி எழுதுவதில் எனக்கு அவசரம் தெரியவில்லை. வீட்டிலிருந்து டிரேடிங் செய்கிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய செய்தி அந்த விளக்கத்துக்குள் இருக்கிறது. அதை முன்பே எழுதியிருந்தால் போன சில வாரங்களில் சொன்ன பலவற்றுக்கும் காரணம் தெளிவாகியிருக்கும்.

2021 பிப்ரவரி 24, புதன்கிழமை. மறுநாள் வியாழன் அந்த மாதத்து ஆப்ஷன், ஃபியூச்சர் ஒப்பந்தங்கள் முடியும் நாள். ஆகவே நாடு முழுவதும் பொசிஷன்கள் நிறையத் திறந்து கிடந்தன. காலை பத்து மணி தாண்டியதும் நிஃப்டியின் நேரடி விலை ஓட்டம் தடுமாறியது. 11.40 மணிக்கு என்எஸ்இ எல்லாப் பிரிவுகளிலும் வர்த்தகத்தை நிறுத்தியது. பகல் முழுவதும் எப்போது திறக்கும் என்ற உறுதியான சொல் வரவில்லை. மும்பைப் பங்குச் சந்தையான பிஎஸ்இ மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாகச் சந்தை மூடும் 3.30 மணி நெருங்க நெருங்க, புரோக்கர்கள் தங்கள் வாடிக்கையாளர்களின் இன்ட்ராடே பொசிஷன்களை பிஎஸ்இயில் கிடைத்த விலைக்கு முடித்துக் கட்டத் தொடங்கினார்கள். இரவு முழுவதும் அந்த ஆபத்தைச் சுமக்க அவர்களால் முடியாது. அதன் பிறகுதான் 3.45 முதல் 5 மணி வரை சந்தை மீண்டும் திறக்கும் என்ற செய்தி எல்லோருக்கும் எட்டியது. சென்செக்ஸ் அன்று ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் ஏறி முடிந்தது. எந்தத் தவறும் செய்யாமல், நிறுத்தப்பட்ட சந்தைக்கும் திறந்திருந்த சந்தைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பணம் இழந்தவர்கள் பலர்.

என்ன நடந்தது? என்எஸ்இ ஏழை நிறுவனமில்லை, கவனமில்லாத நிறுவனமும் இல்லை. அதன் முதன்மைக் கணினி மையத்துக்கும் அருகிலுள்ள துணை மையத்துக்கும் நடுவே இரண்டு வெவ்வேறு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகள் இருந்தன. ஒன்று போனால் மற்றொன்று. நாமும் அப்படித்தானே செய்யச் சொல்வோம்? அன்று இரண்டு நிறுவனங்களின் இணைப்பும் சேர்ந்தே தடுமாறின. இரு மையங்களுக்கும் இடையே சாலையோரம் நடந்த தோண்டும் வேலையும் கட்டுமானப் பணியும்தான் முக்கியக் காரணம் என்று சந்தை தன் விளக்கத்தில் சொன்னது. பில் போடும் நிறுவனங்கள் இரண்டு. மண்வெட்டிக்கு எட்டும் சாலை ஒன்று. அதற்கு மேல் இன்னொன்றும் நடந்தது. இணைப்பு அறுந்தால் முதன்மை மையத்தின் சேமிப்புக் கருவி தானே தனித்து இயங்க வேண்டும் என்பதுதான் வடிவமைப்பு. அது அப்படி இயங்காமல் சர்வர்களுக்குக் கைகொடுக்க மறுத்தது. அதனால் ஒவ்வொரு ஆர்டருக்கும் மார்ஜின் சரிபார்க்கும் ஆபத்து மேலாண்மை அமைப்பு கிடைக்காமல் போனது. ஆர்டர்களைப் பொருத்தும் அமைப்பு நன்றாகவே இருந்தும், அந்தச் சரிபார்ப்பு இல்லாமல் வர்த்தகத்தை ஓடவிட முடியாது என்பதால் கடையை மூட வேண்டியதாயிற்று. வேகமான இயந்திரத்தால் அன்று ஒரு பயனும் இல்லை.

இந்தத் தொடரில் நான் வாதிட நினைப்பது இதைத்தான். நம்பகமான அமைப்பு என்று கேட்டால், விற்பனையாளரும் நண்பர்களும் எதையும் இரண்டாக வாங்கச் சொல்கிறார்கள்: இரண்டு கணினி, இரண்டு இணைப்பு, இரண்டு திரை. எண்ணிக்கையில் ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் சாகுமா என்று பார்க்க வேண்டும். சாகும் என்றால் நீங்கள் வைத்திருப்பது ஒன்றுதான், இரண்டாவதுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான். இப்படிப் பார்க்கப் பழகினால், ஒரு லட்சம் ரூபாய் செலவில் அமைத்த மேஜை பலவீனமாகவும், முப்பதாயிரம் ரூபாய் மேஜை உறுதியாகவும் இருக்கலாம் என்பது தெரியவரும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1987 டிசம்பர் 9 அன்று கனெக்டிகட் மாநிலத்தில் டிரம்பல் என்ற ஊரில், நாஸ்டாக் சந்தையின் கணினி மையத்துக்குப் போகும் மின்சாரத்தை ஒரு அணில் துண்டித்தது. 82 நிமிடங்கள் அந்தச் சந்தையின் விலைப்பட்டியல் ஓடவில்லை. 1994 ஆகஸ்ட் 1 அன்று அதே ஊரில், அதே மையத்தை இன்னொரு அணில் 34 நிமிடங்கள் நிறுத்தியது. ஏழு ஆண்டு இடைவெளியில் ஒரே வகைச் சிறு பிராணியால் இரண்டு முறை. இதைக் கேட்பவர்கள் வேடிக்கைச் செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, கோளாறு கணினிக்குள் தொடங்கவே இல்லை என்பதுதான். டிரம்பலில் மின்கம்பம், மும்பையில் சாலையோரப் பள்ளம். முகப்பில் பளபளக்கும் பொருளைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் யோசிக்கிறோம். அதற்குப் பின்னால் சுவர் தாண்டிப் போகும் கம்பி எந்த வழியாகப் போகிறது என்று ஒரு நாளும் நடந்து போய்ப் பார்ப்பதில்லை.

இனி வீட்டுக்கு வருவோம். முதலில் மின்சாரம். பெரும்பாலான வீடுகளில் டெஸ்க்டாப்பின் கீழே ஒரு 600 விஏ யுபிஎஸ் இருக்கும். கரண்ட் போனதும் அது கீச்கீச்சென்று கத்தும், திரை அணையாது, மனசுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் விலை நகராது. காரணம், ரூட்டர் ஹாலில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், ஃபைபர் வந்து சேரும் வெள்ளைப் பெட்டியோடு சேர்ந்து சுவர் பிளக்கில் நேரடியாகச் சொருகியிருக்கிறது. கணினி உயிரோடிருக்கிறது, இணைப்பு செத்துவிட்டது. கணக்கைப் பாருங்கள். அத்தகைய யுபிஎஸ்ஸுக்குள் இருப்பது பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. பெருக்கினால் 84 வாட்-மணி, நடைமுறையில் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் கைக்கு வரும். டெஸ்க்டாப்பும் இரண்டு திரையும் 150 வாட்டுக்கு மேல் இழுத்தால் அது கால் மணி நேரம் தாங்குவதே பெரிது. ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 20 வாட்டைத் தாண்டுவது அரிது. அதே பேட்டரி அவற்றை மட்டும் சுமந்தால் இரண்டு மணி நேரம் வரை ஓட்டலாம். டெஸ்க்டாப்புக்குப் பதில் மடிக்கணினி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் விடாமல் சொல்வதற்கு இதுதான் காரணம். அதற்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. யுபிஎஸ் முழுவதையும் ரூட்டருக்குக் கொடுத்துவிடலாம். ரூட்டருக்கென்றே 12 வோல்ட் நேர்மின்சாரம் தரும் சிறு யுபிஎஸ்களும் கடையில் கிடைக்கின்றன. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பவர்கள் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். பலவற்றில் யுபிஎஸ் முறைக்கு மாற்றும் சிறு சுவிட்ச் உண்டு. சாதாரண முறையில் மின்சாரம் மாறும் அந்த நொடிப்பொழுதில் மின்விசிறி கவலைப்படாது, டெஸ்க்டாப் அணைந்து மறுபடி தொடங்கும். அத்துடன் அந்த அறையின் பிளக் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் மட்டும்தான் அதில் இருக்கும்.

அடுத்து இணைப்பு. இரண்டு பிராட்பேண்ட் வைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், இரண்டும் எந்தக் கம்பத்தில் வருகின்றன என்பதே என் முதல் கேள்வி. நம் தெருக்களில் வெவ்வேறு நிறுவனங்களின் ஃபைபர் ஒரே மின்கம்பத்தில் கறுப்புச் சுருளாகத் தொங்குவதைப் பார்க்கிறோம். ஒரு லாரியின் உயரம் அவை எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துப் போகப் போதும். இரண்டாவது பாதை கம்பத்தைத் தொடாததாக, அதாவது மொபைல் இணைப்பாக இருப்பது நல்லது. அதிலும் பிராட்பேண்ட் தரும் அதே நிறுவனத்தின் சிம் வேண்டாம். அந்த நிறுவனத்தின் நடுமையத்தில் கோளாறு வந்தால் ஃபைபரும் சிம்மும் சேர்ந்தே படுக்கும். இவ்வளவும் செய்தால் போதுமா? சென்னைக்காரர்களுக்கு விடை தெரியும். 2023 டிசம்பர் 3, ஞாயிறன்று மூன்று வட மாநிலத் தேர்தல் முடிவுகள் பாரதிய ஜனதாவுக்குச் சாதகமாக வந்தன. மறுநாள் திங்கள் காலை நிஃப்டி பெரிய இடைவெளியுடன் மேலே திறந்து, 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறி முடிந்தது. அதே திங்களன்றுதான் மிக்ஜாம் புயலின் மழையில் சென்னை மூழ்கிக்கிடந்தது. பாதுகாப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தது, பல பகுதிகளில் மொபைல் சிக்னலும் இல்லை. வெள்ளிக்கிழமை கால் ஆப்ஷன் விற்றுவிட்டு வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ உட்கார்ந்திருந்த ஒருவருக்கு, ஃபைபர், இரண்டாவது நிறுவனத்தின் சிம், யுபிஎஸ் எல்லாம் இருந்தாலும் பயனில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று இருந்தது: ஊர். சந்தைகளின் மாற்று மையம் வேறொரு நிலநடுக்க மண்டலத்தில் இருக்க வேண்டும், அது முடியாதென்றால் குறைந்தது 500 கிலோமீட்டர் தள்ளியாவது இருக்க வேண்டும் என்று சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வற்புறுத்துவதன் நியாயம் இங்கே விளங்கும். வீட்டு டிரேடரால் 500 கிலோமீட்டர் தள்ளி மாற்று மையம் வைக்க முடியாது. அதனால் அவருக்கு வேறு விடை தேவை. அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

அதற்கு முன் கைப்பேசி. கணினி போனால் ஃபோன் இருக்கிறதே என்பதுதான் நான் அதிகம் கேட்கும் வாதம். அதில் பாதி உண்மை. புரோக்கரின் செயலியில் ஒரு பொசிஷனை மூடுவதற்கு ஃபோன் தாராளமாகப் போதும். ஆனால் அந்த ஃபோன் எத்தனை வேலை செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அதுவே மாற்றுத் திரை, அதன் ஹாட்ஸ்பாட்தான் மாற்று இணைப்பு, உள்ளே நுழையும் ஓடிபி வருவதும் அதில்தான். 2022 செப்டம்பர் இறுதியிலிருந்து டிரேடிங் கணக்குகளுக்கு இரண்டு அடுக்கு உள்நுழைவு கட்டாயம். கடவுச்சொல் தெரிந்தால் மட்டும் கதவு திறக்காது. எனவே அந்த ஃபோன் தண்ணீரில் விழுந்தால், மேஜை மேல் முழு ஆரோக்கியத்துடன் இருக்கும் கணினியும் வெளியே நிற்கும். இதைப் பிரிப்பதற்குச் செலவே கிடையாது. குறுஞ்செய்தி ஓடிபிக்குப் பதில், 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண் தரும் செயலியைப் பயன்படுத்துங்கள். அதற்கு டவர் தேவையில்லை, இணையமும் தேவையில்லை. பதிவு செய்யும்போது பெற்ற ரகசியச் சாவியும் சரியான நேரமும் போதும். பதிவின்போது திரையில் வரும் க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்யும்போதே, அலமாரியில் கிடக்கும் சிம் இல்லாத பழைய ஃபோனிலும் சேர்த்து ஸ்கேன் செய்துவிட்டால் சாவி இரண்டு இடத்தில் இருக்கும். ஒரே எச்சரிக்கை: பழைய ஃபோனின் கடிகாரம் ஓரிரு நிமிடம் பிசகியிருந்தாலும் அது காட்டும் எண் செல்லாது. மாதம் ஒருமுறை வைஃபையில் இணைத்து நேரத்தைச் சரிசெய்து வையுங்கள். புரோக்கரின் ஆர்டர் எடுக்கும் தொலைபேசி எண்ணையும் உங்கள் கணக்கு எண்ணையும் ஒரு தாளில் எழுதி மேஜைக்குள் வையுங்கள். ஃபோன் தொலையும் நாளில் ஃபோனுக்குள் இருக்கும் எண்ணால் ஒன்றும் ஆகாது.

கணினியிலும் இதே சோதனை பொருந்தும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. அவை பெரும்பாலும் நிறுவனங்களின் கணினிகள். வீட்டுக்காரருக்கு அந்த மென்பொருளோடு சம்பந்தமில்லை. ஆனாலும் ஒரே இயங்குதளம், ஒரே ஆன்டிவைரஸ், ஒரே நாளில் புதுப்பிக்கப்படும் இரண்டு கணினிகள் இரண்டாகக் கணக்கில் வராது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. விண்டோஸ் மடிக்கணினிக்கு ஆண்ட்ராய்டு டேப்லெட்டே நல்ல துணை. கணினி தானாகவே ஆர்டர் போடும்படி நிரல் எழுதி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு முடிச்சு. செபியின் 2025 பிப்ரவரி 4 சுற்றறிக்கைப்படி, ஏபிஐ வழி ஆர்டர்கள் புரோக்கரிடம் முன்பே பதிந்த நிலையான ஐபி முகவரியிலிருந்துதான் வர வேண்டும். பிராட்பேண்ட் அறுந்து ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினால் இணையம் ஓடும், யூடியூப் ஓடும், உங்கள் நிரலின் ஆர்டர் மட்டும் திருப்பி அனுப்பப்படும். மாற்று முகவரி ஒன்றையும் பதிந்து வைக்க வழியுண்டா என்று புரோக்கரிடம் இன்றே கேளுங்கள். நிரலை வாடகைச் சர்வரில் வைத்துவிட்டால் இந்தத் தலைவலி எல்லாம் தீரும் என்று சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மின்சாரமும் இணைப்பும் அங்கே நம் வீட்டைவிடப் பல மடங்கு உறுதி. ஆனால் அந்தச் சர்வரில் ஓடும் நிரல் தவறு செய்தால் நிறுத்துவதற்கு நீங்கள்தான் போக வேண்டும். போகும் வழி மறுபடியும் உங்கள் வீட்டுக் கம்பிதான்.

ஆண்டுக்கு ஒரு நாள் வரும் தடங்கலுக்கு இத்தனை ஏற்பாடா என்ற கேள்வி நியாயமானது. தடங்கல்கள் சீட்டுக் குலுக்கல் போல எந்த நாளிலும் சமமாக விழுந்தால் நானும் இத்தனை எழுதமாட்டேன். அவை அப்படி விழுவதில்லை. 2024 ஜூன் 4, நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்த நாள். நிஃப்டி ஒரே நாளில் 5.9 விழுக்காடு சரிந்து முடிந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையவும் வெளியேறவும் முயன்ற அன்றுதான், ஆர்டர் போகவில்லை, உள்ளே நுழைய முடியவில்லை என்ற புகார்களும் குவிந்தன. சந்தை கொந்தளிக்கும் நாளில்தான் சர்வர்களுக்கும் சுமை ஏறுகிறது. தடங்கல் ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலும், வேலை இருக்கும் நாளைப் பார்த்து வருகிறது. சாதாரண நாளில் ஐந்து நிமிடம் இணைப்பு போனால் ஒரு நஷ்டமும் இல்லை என்ற அனுபவத்தை வைத்து அந்த நாளை அளக்கக் கூடாது. செலவைப் பற்றியும் ஒரு சொல்: மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை புதிதாக வாங்கச் சொல்பவை அல்ல. ரூட்டரை வேறு பிளக்குக்கு மாற்றுவது, சிம்மை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவது, சாவியைப் பழைய ஃபோனில் வைப்பது. நான்காவது திரைக்குக் கொடுக்கும் பணத்தில் இவை எல்லாம் முடிந்து மீதியும் இருக்கும்.

இப்போது தள்ளிவைத்த விடைக்கு வருகிறேன். வீட்டில் எதை எப்படிப் பிரித்தாலும் ஊர் மொத்தமாக இருளும் நாள் ஒன்று வரும். அன்று உங்களுக்குப் பதிலாக வேலை செய்யக்கூடியது உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். ஆகவே, உங்கள் ஸ்டாப்லாஸ் எங்கே குடியிருக்கிறது? மனத்துக்குள் ஒரு விலையை வைத்துக்கொண்டு அது வந்தால் வெளியேறுவேன் என்பவரின் ஸ்டாப்லாஸ் அவர் தலையில் இருக்கிறது. வரைபடத்தில் எச்சரிக்கை மணி வைத்தவருடையது மணி அவர் காதுக்கு எட்டும் வரைதான். வீட்டுக் கணினியில் நிரல் ஓட்டுபவருடையது யுபிஎஸ் பேட்டரியில் இருக்கிறது. ஜிடிடி என்ற நீண்டநாள் ஆர்டர் புரோக்கரின் சர்வரில் காத்திருக்கிறது. விலை வந்த பிறகுதான் அது சந்தைக்குப் போகும். எஸ்எல் ஆர்டர் ஒன்றுதான் போட்ட உடனே சந்தையின் சொந்தப் பதிவேட்டில் போய் உட்கார்கிறது. அதற்குப் பிறகு உங்கள் கரண்ட், ஃபைபர், ஃபோன், ஏன், புரோக்கரின் சர்வர்கூடப் போகலாம்; விலை தொட்டால் சந்தை அதை எழுப்பும். பொசிஷன் எடுத்த அடுத்த நொடியே எஸ்எல் ஆர்டரும் போடும் வழக்கம் உள்ளவர், சாதாரண மடிக்கணினியோடு, ஆறு திரைக்காரரைவிடப் பத்திரமாக இருக்கிறார்.

எஸ்எல் ஆர்டருக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஆப்ஷன்களில், விலை தொட்டதும் கிடைத்த விலைக்கு முடிக்கும் எஸ்எல்-எம் வகையை என்எஸ்இ 2021 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. இப்போது தூண்டும் விலையோடு ஒரு எல்லை விலையும் கொடுக்க வேண்டும். 100 ரூபாய்க்கு விற்ற ஆப்ஷனுக்கு 150-இல் தூண்டி 165 வரை வாங்கச் சொல்லியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். விலை 149-லிருந்து ஒரே தாவலில் 180-க்குப் போனால் ஆர்டர் எழும், ஆனால் நிறைவேறாமல் நிற்கும். அதைவிடப் பெரிய எல்லை, எஸ்எல் ஆர்டரின் ஆயுள் அன்றைய சந்தை மூடும் வரைதான். வெள்ளிக்கிழமை போட்டது வெள்ளி மாலையே இறந்துவிடும். மிக்ஜாம் திங்களன்று காலை எந்தப் பதிவேட்டிலும் உங்கள் பெயரில் ஒன்றும் இருந்திருக்காது. இரவு தாண்டும் பொசிஷனுக்கு என்னிடம் உள்ள ஒரே விடை, பாதுகாப்பை ஒப்பந்தமாகவே வாங்கி வைப்பது. ஒரு கால் ஆப்ஷனை விற்றவர், அதைவிட மேலே தள்ளியுள்ள ஸ்ட்ரைக்கில் இன்னொரு கால் ஆப்ஷனை வெள்ளியன்றே வாங்கி வைத்திருந்தால், சந்தை எவ்வளவு மேலே திறந்தாலும் அவருடைய நஷ்டம் ஒரு எல்லையில் நின்றுவிடும். அதற்கு இணைப்பு தேவையில்லை, ஓடிபி தேவையில்லை, அவர் விழித்திருக்கவும் தேவையில்லை. கொடுத்த பிரீமியம் லாபத்தைக் குறைக்கிறதே என்பார்கள். குறைக்கத்தான் செய்கிறது. யுபிஎஸ்ஸுக்கும் இரண்டாவது சிம்முக்கும் கொடுக்கும் பணத்தோடு இதையும் ஒரே தலைப்பில் எழுதுங்கள். அந்தப் பட்டியலில் நம் ஊரைச் சாராத ஒரே பொருள் அதுதான்.

புரோக்கரே படுத்துவிட்டால்? அதற்கும் இப்போது ஒரு கதவு இருக்கிறது, பலருக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. ஐஆர்ஆர்ஏ என்ற தளத்தைச் சந்தைகள் சேர்ந்து உருவாக்கி 2023 அக்டோபரில் தொடங்கின. ஒரு புரோக்கரின் முதன்மை மையமும் மாற்று மையமும் செயலிழந்தால், அவருடைய வாடிக்கையாளர்கள் அதில் நுழைந்து, திறந்த பொசிஷன்களை மூடலாம், காத்திருக்கும் ஆர்டர்களை ரத்து செய்யலாம். புதிதாக எதுவும் எடுக்க முடியாது. நீங்கள் நினைத்தபோது திறக்கும் கதவும் அல்ல. தடங்கல் உறுதியாகி அது இயக்கப்பட்டால்தான் உங்களுக்கு அழைப்பு வரும். அதுவும் புரோக்கரிடம் நீங்கள் பதிந்த கைப்பேசிக்கும் மின்னஞ்சலுக்கும்தான். அவை பழைய எண்ணாகவும் மறந்துபோன முகவரியாகவும் இருந்தால் கதவு இருந்தும் இல்லை. இரண்டாவது புரோக்கரிடம் கணக்கு வைப்பதும் நல்ல யோசனைதான். ஆனால் அங்கிருந்து முதல் கணக்கின் பொசிஷனை மூட முடியாது. எதிர்ப்பக்கப் பொசிஷன் எடுத்து நஷ்டத்தைப் பூட்டலாம், அதற்கு அங்கே முன்கூட்டியே பணம் இருக்க வேண்டும். காலியான இரண்டாவது கணக்கு வெறும் ஆறுதல்.

இவ்வளவும் எழுதும்போது ஒரு எதிர்ப்பு மட்டும் உண்மையிலேயே கனமாக இருக்கிறது. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் பங்கு ஃபியூச்சர், ஆப்ஷன் பிரிவில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நஷ்டமடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டுகிறது. அப்படியிருக்க, தோற்கும் விளையாட்டுக்கு உறுதியான மேஜை எதற்கு? நம்பகமான கணினி யாரையும் லாபம் ஈட்ட வைக்காது என்பதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். அப்படிச் சொல்லி விற்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள். ஆனால் தோல்வி இரண்டு வகை. எடுத்த முடிவு தவறி, கணக்குப் போட்ட அளவு பணம் போவது ஒன்று. மூட வேண்டிய நேரத்தில் மூட முடியாமல், கணக்கில் இல்லாத அளவு போவது இன்னொன்று. முதல் வகையிலிருந்து ஒருவர் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம், இது நமக்கு ஒத்துவராது என்று விட்டும் வரலாம். இரண்டாவது வகையில் அந்தத் தெளிவு வராமலே போகிறது. கரண்ட் போனதால்தான் தோற்றேன் என்று ஒருவர் ஆண்டுக்கணக்கில் தன்னையே நம்பவைத்துக்கொள்ள அது இடம் கொடுக்கிறது. பணத்தைவிட அந்தச் சாக்குதான் பல குடும்பங்களுக்குக் கேடு செய்கிறது என்று நான் நினைக்கிறேன். மேஜையில் இருக்கும் கோளாறுகளை நீக்கிவிட்டால், மிச்சமிருக்கும் நஷ்டம் யாருடையது என்பதில் சந்தேகம் இருக்காது.

2021 முடக்கத்துக்குப் பிறகு செபி சந்தைகளுக்குக் கெடு வைத்தது: முக்கிய அமைப்பு முடங்கினால் அரை மணிக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அதிலிருந்து 45 நிமிடத்துக்குள் மீண்டும் இயங்க வேண்டும். அதைத் தாளில் வைத்துவிட்டுப் போகவில்லை. 2024 மார்ச் 2, சனிக்கிழமை, சந்தை சிறப்பு அமர்வுக்காகத் திறந்தது. காலை 9.15 முதல் 10 மணி வரை முதன்மை மையத்தில் வர்த்தகம், பிறகு 11.30 முதல் 12.30 வரை மாற்று மையத்தில் வர்த்தகம், உண்மையான பணத்தோடு. மே 18 சனிக்கிழமை மறுபடியும் அதே பயிற்சி. மாற்று ஏற்பாடு வேலை செய்யும் என்று நம்பிக்கொண்டிருக்காமல் ஓட்டிப் பார்த்தார்கள்.

நீங்களும் இந்தச் சனிக்கிழமை ஓட்டிப் பாருங்கள். காலை பத்து மணிக்கு வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். ரூட்டரின் விளக்கு எத்தனை நிமிடம் எரிகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். பிறகு ஃபைபரைக் கழற்றிவிட்டு இரண்டாவது சிம்மில், வழக்கமான ஃபோனை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, பழைய ஃபோனின் எண்ணை வைத்துக் கணக்கில் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். தாளில் எழுதிய புரோக்கர் எண் இன்றும் சரியானதா என்று சரிபாருங்கள். எங்கே தடுக்கியது என்று எழுதி அனுப்புங்கள்; திரைகளைப் பற்றிய அடுத்த வாரக் கட்டுரையை அந்தக் கடிதங்களைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன்.